பாத்திரம், இரும்பு, பெரியது – 1

மல்லசமுத்திரம் வட்டாரக் கூட்டுறவு ஊட்டச்சத்து ரொட்டி நிலையத்தின் கேஸ் அடுப்புக்கு, 1978ஆம் வருட ஆயுத பூஜையன்று பதினோரு இடங்களில் சந்தனம் வைக்கப்பட்டது. பத்து இடங்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

அடுப்பு ஓர் ஆள் உயரம், மூன்று ஆள் அகலம். ஏதோ ஒரு வெளிநாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கச் சொல்லி அன்பளிப்பாக அனுப்பியது. அதன் அடிவயிற்றில் ஒரு தகட்டு மூடி உண்டு. மூடிக்குப் பின்னால் ஊசி முனை அளவு துவாரமுள்ள ஒரு பித்தளை மூக்கு. அதில் எந்நேரமும் ஒரு குட்டித் தீ எரிய வேண்டும். குட்டித் தீயின் நாக்கு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியைச் சுட்டால்தான் பெரிய தீக்குக் கேஸ் திறக்கும். கம்பி ஆறினால் கேஸ் தானாக நின்றுவிடும். தீயில்லாத அடுப்புக்குள் கேஸ் நிரம்பி ஆளைத் தூக்கி எறியாமல் இருக்க, செய்தவன் வைத்த காவல் அது.

இதையெல்லாம் விளக்கும் புத்தகம் ஒன்றும் அடுப்போடு வந்தது. அது அன்பளிப்பில் சேர்ந்த பொருள் என்பதால் வரிசை எண் போட்டு இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டது. வருடத்துக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து, புத்தகம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று எழுதிப் பூட்டினார்கள்.

அடுப்பை இயக்கியவன் வெள்ளியங்கிரி. அதற்கு முன் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் எட்டு வருடம் டீசல் பீய்ச்சும் மூக்குகளை, அதாவது நாஸில், கழுவியவன். புத்தகம் படிக்காமலேயே அடுப்பின் போக்கு அவனுக்குப் பிடிபட்டிருந்தது. குமிழை அமுக்கிப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டி, முப்பது எண்ணிக் குமிழை விட்டால் குட்டித் தீ நிற்கும். பிறகு பெரிய தீ. அவ்வளவுதான் வேலை.

அந்த வருடப் பூஜைக்குச் சேலத்திலிருந்து மண்டல இணை இயக்குநரே வந்தார். மேலே, பக்கவாட்டில், கதவில் என்று பத்துப் பொட்டு வைத்து முடித்தவர் சற்று யோசித்தார்.

"நம் துறையில் எல்லாமே மேலோட்டமாக நடக்கிறது என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது," என்றார். "அதை இன்று நான் முறியடிக்கப் போகிறேன். மூடியைக் கழற்றுங்கள். உள்ளேயும் பொட்டு வைக்க வேண்டும்."

மூடி கழன்றது. இணை இயக்குநர் குனிந்து பார்த்தார். பித்தளை மூக்கின் துவாரம் அவரைப் பார்த்தது.

"அட, இது கண் மாதிரியே இருக்கிறதே!" என்று கட்டை விரலால் வழித்து அதன் மேல் சந்தனத்தை அப்பினார். நிலைய ஊழியர்கள் கைதட்டினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த போட்டோக்காரர், "சார், இன்னொரு வாட்டி," என்றார். இன்னொரு வாட்டி அப்பினார். பல்பு எரியவில்லை என்று மூன்றாவது வாட்டியும்.

மேலாளர் தண்டாயுதபாணி ராசிபுரத்துக்காரர். ஓய்வு பெற ஒன்றே முக்கால் வருடம் இருந்தது. மூடியைத் திரும்பப் பொருத்தியதும் அவர் ஒரு காரியம் செய்தார். உயர் அதிகாரி கைபட்ட நிலை கலையக் கூடாது என்று திருகுகளின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, இணை இயக்குநரின் முத்திரையையே வாங்கி அழுத்திவிட்டார். இணை இயக்குநர் நெகிழ்ந்து போனார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெள்ளியங்கிரி குமிழை அமுக்கித் தீக்குச்சியைக் காட்டினான். மூடியிலிருந்த சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கடுகளவு ஒரு தீ எட்டிப் பார்த்தது. முப்பது எண்ணி விட்டான். அணைந்தது. நூறு எண்ணி விட்டான். அணைந்தது.

மேலாளர் வந்ததும் சொன்னான்: "நாஸில் அடைச்சிருக்குதுங்க. சந்தனம் காஞ்சு கெட்டியாயிருச்சு. கம்பி மேலயும் அப்பிக் கெடக்குது. மூடியக் கழட்டுனா அஞ்சு நிமிச வேலைங்க."

"மூடியையா?" தண்டாயுதபாணி அரக்கைப் பார்த்தார். சிவப்பாக, மூன்று சிங்கங்களோடு அது பளபளத்தது. "அப்பா வெள்ளியங்கிரி, நாப்பத்திரண்டு பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போகணும். முத்திரையும் உடையக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி பண்ணு."

நடுவில் இருந்த வழி இதுதான். குமிழை அமுக்கிய வாக்கில் ஒரு கொட்டாங்குச்சியை முட்டுக் கொடுத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்போது காவல் கம்பி ஆறிக் கிடந்தாலும் கேஸ் நிற்காது. பெரிய தீக்கான கேஸைத் திறந்துவிட்டு, ஒரு குச்சியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கொளுத்தி, அடுப்பின் வாய் வழியாக உள்ளே நீட்ட வேண்டும். நீட்டுகிறவன் குனிந்து பார்க்காமல் முடியாது. சரியான நேரத்தில் நீட்டினால் தீ பற்றும். ஒரு மூச்சு தாமதித்தால் அதற்குள் சேர்ந்த கேஸ் எல்லாம் ஒரே அடியாகப் பற்றும்.

மூன்றாம் நாள் ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. 'தொம்' என்ற சத்தம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கேட்டது. தீ வாய் வழியாக வந்து வெள்ளியங்கிரியின் முகத்தை ஒரு நக்கு நக்கிவிட்டுத் திரும்பிப் போனது.

மாவு பிசைந்துகொண்டிருந்த அங்கம்மாள் ஓடி வந்து ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தாள். கண் பிழைத்தது தெரிந்த பிறகுதான் சிரித்தாள்.

"ஏனுங்ணா, புருவத்தை ரொட்டியோட சேத்து வெச்சுப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பிச்சுட்டீங்களா?"

"சிரிக்காத அம்மிணி. எரியுது."

"சிரிக்காம என்ன பண்றதுங்? அடுத்தது நானுங்களே."

அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. சுவரில் ஒரு பலகை இருந்தது. தீ மூட்டும் பொறுப்பு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளியங்கிரி. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கம்மாள். அங்கம்மாளுக்கு ஏழு வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. இருப்பது ஒன்று. அதை வைத்துத்தான் மாவு பிசைந்தாள், பஸ் நம்பர் பார்த்தாள், நாலாவது படிக்கிற மகளுக்குப் பேன் பார்த்தாள்.

அன்று சாயந்திரமே வெள்ளியங்கிரி மேலாளரிடம் போய் நின்றான். "அவுங்க முறையையும் நானே பாத்துக்கறேனுங்க. போன புருவம் போச்சு. இனிப் போறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க."

தண்டாயுதபாணி ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். பெண் பணியாளர்களைத் தீ மூட்டும் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவு செய்வதாகும் என்று அதில் இருந்தது. "அந்தப் பொம்பளையை இழிவு பண்ணச் சொல்றியா?" என்று கேட்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஆக, டிசம்பர் முடிவதற்குள் அடுப்பு சரியாக வேண்டும். வெள்ளியங்கிரி எழுத்து மூலம் புகார் கொடுத்தான்.

புகார் சேலம் போனது. அங்கே, அடுப்பு எந்த இனம் என்ற கேள்வி எழுந்தது. இயந்திரம் என்றால் இயந்திரப் பிரிவு பார்க்க வேண்டும். இந்த நிலையத்துக்கு இயந்திரம் எதுவும் வழங்கப்படவில்லை என்று இயந்திரப் பிரிவு எழுதியது. கட்டடம் என்றால் கட்டடப் பிரிவு. அடுப்பு நகர்த்தக் கூடியது என்று கட்டடப் பிரிவு எழுதியது. கடைசியில் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அடுப்பு வந்த நாளில் யாரோ ஒரு எழுத்தர், வேறு எதில் சேர்ப்பது என்று தெரியாமல், ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: பாத்திரம், இரும்பு, பெரியது – 1.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பாத்திரங்களுக்குத் துறையில் அனுமதிக்கப்பட்ட பழுதுபார்ப்பு ஒன்றே ஒன்றுதான். நவம்பர் கடைசி வாரத்தில், துருத்தியும் நவச்சாரமும் தூக்கிக்கொண்டு காத்தான் என்கிற ஈயம் பூசுகிற ஆள் உத்தரவோடு வந்து சேர்ந்தான்.

அடுப்பை இரண்டு சுற்று சுற்றி வந்தான். "ஏனுங்க, எங்கீங்க பூசோணும்?"

"அடுப்புக்கு," என்றார் மேலாளர்.

"அடுப்புக்கு ஆராச்சும் ஈயம் பூசுவாங்களா சாமி? அடுப்பு மேல வெக்கிற சட்டிக்குல்லங்க பூசுவாங்க."

"பதிவேட்டுல இதுதான் சட்டி."

காத்தான் வெள்ளியங்கிரியைப் பார்த்தான். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தான். காத்தான் முப்பது வருடமாகக் கல்யாண மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் அண்டா அண்டாவாகப் பூசியவன். தொழிலில் ஒருத்தன் குறை சொல்லக் கேட்டதில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாமல் ரொட்டித் தட்டுகள் எட்டையும் எடுத்து வெயிலில் உட்கார்ந்து பூசினான். நிலா மாதிரி மின்னின. போகிறபோது வெள்ளியங்கிரியின் நெற்றியை உற்றுப் பார்த்து, "மிச்சம் கொஞ்சம் ஈயம் கெடக்குது. உம்பட புருவத்துக்கும் ஒரு இழுப்பு இழுத்து உட்டுட்டுப் போகட்டா?" என்றான்.

பழுது நீக்கப்பட்டது என்று சான்று போனது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு 'தொம்'.

வெள்ளியங்கிரி இன்னொரு புகார் எழுதினான். இந்த முறை, எரிந்துபோன புருவத்தையும் குறிப்பிடு, அப்போதுதான் அவசரம் புரியும் என்று அங்கம்மாள் சொன்னதால் அதையும் எழுதினான். அது தனிக் கோப்பாகப் பிரிந்து தனி வழியில் போய்விட்டது. பத்து நாளில் பதில் வந்தது. பணிப் பதிவேட்டில் வெள்ளியங்கிரியின் அங்க அடையாளம் 'இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு' என்று உள்ளது. தற்போது அடுப்பை இயக்குபவருக்குப் புருவமே இல்லை என்று தெரியவருகிறது. எனவே இவர்தான் பணியில் நியமிக்கப்பட்ட வெள்ளியங்கிரி என்பதற்கு என்ன ஆதாரம்?

"எட்டு வருசமா என்னையப் பாக்கறீங்களே, நீங்க சொல்லுங்க," என்று மேலாளரிடம் கேட்டான்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றார் தண்டாயுதபாணி. "ஆனா எழுத்துல கேட்டிருக்காங்க."

டிசம்பர் பதினெட்டாம் தேதி, மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு ஜீப்பில் வந்தது. தலைவர் கணக்குப் பிரிவுத் துணை இயக்குநர். பதினொன்றரை மணி. காலை ஐந்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளியை நீட்டி, 'தொம்' வாங்கி, வெள்ளியங்கிரி மூட்டிய பெரிய தீ வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் ஈடு ரொட்டி உள்ளே வெந்துகொண்டிருந்தது.

குழு அடுப்பைப் பார்த்தது. தலைவர் கையை நீட்டினார். சுட்டது.

"எரிகிறதே," என்றார்.

"எரியறது சரிதாங்க. பத்தவைக்கறப்பத்தான் கோளாறுங்க. ஒருக்கா அணைச்சுட்டுப் பத்த வெச்சுக் காட்டறேனுங்க. சித்த அக்கட்ட தள்ளி நின்னு பாருங்க."

தலைவரின் முகம் மாறியது. "எரிகிற அடுப்பை அணைக்கச் சொல்கிறாயா? எங்கள் குழு வந்த நேரத்தில் உற்பத்தி நின்றது என்று நாளைக்கு யார் பதில் சொல்வது? தம்பி, நான் இருபத்தாறு வருடமாக ஆய்வு செய்கிறேன். எங்கே போனாலும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடாத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பழுது என்று எழுதுகிறார்கள், போய்ப் பார்த்தால் ஓடுகிறது. ஆகப் பழுது எங்கே இருக்கிறது? எழுதுகிறவன் மனதில் இருக்கிறது."

"காத்தால அஞ்சு மணிக்கு வந்து பாருங்க சாமி."

"ஆய்வு நேரம் பத்து முதல் ஐந்து."

இரண்டாம் உறுப்பினர் முத்திரையைக் குனிந்து பார்த்து, பழுதில்லாமல் இருப்பதாகக் குறித்துக்கொண்டார். மூன்றாம் உறுப்பினர் ஊட்டச்சத்துப் பிரிவு. அவர் சூடாக ஒரு ரொட்டியைப் பிட்டுத் தின்று, நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர்தான் அந்தக் குழுவில் தன் வேலையைச் செய்தவர்.

ஜீப் போன பிறகு அங்கம்மாள் மாவுக் கையோடு வந்து நின்றாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"நேத்து ஊட்டுல கண்ணை மூடிட்டுச் சோறு போட்டுப் பாத்தனுங்ணா," என்றாள். "புள்ளைக்குத் தட்டத்துல போட்டது பாதி, தரையில கெடந்தது பாதி. அவ என்னம்மா வெளையாடறயான்னு கேட்டா. ஆமா சாமி, வெளையாடறேன்னு சொன்னேன்."

வெள்ளியங்கிரி பலகையைப் பார்த்தான். பதிமூன்று நாள் இருந்தது.

அந்தப் பதிமூன்று நாளில் அவன் சேலத்துக்கு இரண்டு முறை போனான். முதல் முறை, புருவக் கோப்பு சம்பந்தமாக வந்தவரா, அடுப்புக் கோப்பு சம்பந்தமாக வந்தவரா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் என்றான். இரண்டும் வேறு வேறு மாடி என்றார்கள். இரண்டாம் முறை இணை இயக்குநர் முகாமில் இருந்தார்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம், அடுப்பு ஆறிய பிறகு, வெள்ளியங்கிரி ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அரக்கைப் பார்த்தான். பிறகு உடைத்தான். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

சந்தனம் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் பெயர்த்தான், பொட்டாகவே கழன்று வந்தது, கட்டைவிரல் ரேகையோடு. ஊசியை உள்ளே விடவில்லை. ஊசி விட்டால் துவாரம் பெருத்துத் தீ நிலையில்லாமல் ஆடும். பட்டறையில் முதல் வருடமே கற்றது. மின்சார ஒயரைச் சீவி, ஒரே ஒரு இழையை எடுத்து மெல்ல விட்டு, வாயை வைத்து ஊதினான். காவல் கம்பியைத் துணியால் துடைத்தான். குமிழில் கட்டியிருந்த நார்க் கயிற்றை அறுத்தான்.

ஜனவரி முதல் தேதி காலை, அங்கம்மாள் முறை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, குமிழை அமுக்கித் தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாக, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு தீ நிமிர்ந்தது. முப்பது எண்ணி விட்டாள். தீ நின்றது. பெரிய தீயைத் திருப்பினாள். 'புஸ்' என்று ஒரு பூனை மூச்சு விட்ட சத்தம்.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள். "இதுக்கா மூணு மாசம்?"

முத்திரை உடைந்ததை எட்டே முக்காலுக்குத் தண்டாயுதபாணி பார்த்தார். ஒன்பது மணிக்கு அறிக்கை எழுதினார். எழுதும்போது இரண்டு முறை பேனாவை மூடி வைத்தார். அதற்காக அவர் எழுதாமல் இல்லை.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி விசாரணை நிலையத்திலேயே நடந்தது. உடைபட்டது இணை இயக்குநரின் முத்திரை என்பதால், அதன் மதிப்பை அவரே அறிவார் என்று கருதி, விசாரணை அதிகாரியாக அவரே நியமிக்கப்பட்டிருந்தார். மேசை மேல் ஒரு காகிதப் பொட்டலம்: சான்றுப் பொருள் ஒன்று, காய்ந்த சந்தனம். பக்கத்தில் செம்பு இழை: சான்றுப் பொருள் இரண்டு.

விசாரணைக்கு முன் தண்டாயுதபாணி வெள்ளியங்கிரியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப்போய்க் காதில் சொன்னார்: "விதி ஒன்பதுன்னு ஒண்ணு இருக்குது. உயிருக்கு ஆபத்துன்னு நிரூபிச்சா முத்திரையை உடைச்சது குத்தமில்லை. சந்தனம் அந்தத் துவாரத்து மேலதான் இருந்துச்சு. அந்த ஒரு சொல்லுல நில்லு. என்ன ஆனாலும் அதை மட்டும் மாத்திச் சொல்லிராத. மாத்துனா வேலை போயிரும்."

"எதுக்குங்க மாத்தப் போறேன்?" என்றான் வெள்ளியங்கிரி.

விசாரணை தொடங்கியது.

"சந்தனம் துவாரத்தை அடைத்ததா?"

"ஆமாங்க."

"சந்தனத்தை வைத்தது யார்?"

"நீங்கதானுங்க."

"அப்படியானால் அடுப்பைக் கெடுத்தது நான் என்கிறாய்."

"இல்லீங்க. சந்தனமுங்க."

இணை இயக்குநர் எழுத்தரைப் பார்த்து, எழுத வேண்டாம் என்று விரலை ஆட்டினார். பிறகு எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"எனக்கு யார் மேலும் கோபமில்லை. அடுப்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன, அது சின்ன விஷயம். ஓர் அதிகாரி ஒரு நிலையை ஏற்படுத்திவிட்டுப் போகிறார். அவர் திரும்பி வரும்போது அந்த நிலை அப்படியே இருக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் நிர்வாகம். கலைக்கப்பட்ட நிலையை முதலில் மீட்க வேண்டும், தண்டனை பிறகு. சந்தனம் எங்கே இருந்ததோ அதே இடத்தில் மறுபடி வைக்கப்படும். மூடி முத்திரையிடப்படும். நாளைக் காலை வழக்கம்போல் உற்பத்தி. தீ மூட்டும் பொறுப்பு யாருக்கு?"

"அங்கம்மாளுக்குங்க," என்றார் மேலாளர்.

அங்கம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றாள். அரைத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

மூடியைக் கழற்றினார்கள். இணை இயக்குநர் குனிந்தார். உள்ளே பித்தளையும் செம்பும் போல்ட்டுகளுமாக நிறைய இருந்தன. எந்த இடம் என்று அவருக்கு நினைவில்லை. ஆயுத பூஜைப் புகைப்படத்தை எடுத்து வரச் சொன்னார். அதில் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை அடுப்புக்குள் இருந்தது.

"வெள்ளியங்கிரி, பெயர்த்து எடுத்தவன் நீ. உனக்குத்தான் தெரியும். இங்கே வந்து இடத்தைக் காட்டு."

வெள்ளியங்கிரி வந்து மண்டியிட்டான். பித்தளை மூக்கு துடைத்து வைத்தது போல் மின்னியது. தண்டாயுதபாணி பேனாவோடு அவனையே பார்த்தார். அவர் உதடு 'துவாரம், துவாரம்' என்று சத்தமில்லாமல் அசைந்தது. அங்கம்மாள் கிண்ணத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளுடைய அந்த ஒரு கண் அவன் கையின் மேல் இருந்தது.

மூக்குக்கு நான்கு விரற்கடைக்குக் கீழே, மூலையில், கறுத்த போல்ட் ஒன்று இருந்தது. அதற்குத் தகட்டைத் தாங்குவதைத் தவிர வேறு வேலையில்லை.

"இங்கீங்க," என்றான் வெள்ளியங்கிரி.

"நன்றாகப் பார்த்துச் சொல்."

"நல்லாப் பாத்துட்டனுங்க. இந்தப் போல்ட்டு மேலதானுங்க இருந்துச்சு."

தண்டாயுதபாணியின் பேனா நின்றது.

இணை இயக்குநர் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் படர்ந்தது. "எழுதிக்கொள்ளுங்கள். துவாரத்தின் மேல் சந்தனம் இல்லை. போல்ட்டின் மேல்தான் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே காட்டினார். போல்ட்டின் மேலுள்ள சந்தனத்தால் எந்த அடுப்பும் கெடாது. ஆகவே அடுப்பு கெடவே இல்லை. ஆகவே ஆபத்து இல்லை. ஆகவே விதி ஒன்பது பொருந்தாது." எழுத்தர் எழுதினார். வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டான்.

அங்கம்மாள் கிண்ணத்தை நீட்டினாள். இணை இயக்குநர் கட்டை விரலால் வழித்துப் போல்ட்டின் மேல் அப்பினார்.

"சார், இன்னொரு வாட்டி," என்றார் இதற்கும் வரவழைத்திருந்த போட்டோக்காரர்.

போல்ட்டு மூன்று வாட்டியும் வாங்கிக்கொண்டது. மூடி பொருத்தி அரக்கு ஊற்றினார்கள். வேலை நீக்க உத்தரவு சாயந்திரமே தட்டச்சாகி வந்தது. அந்தத் துறையில் ஒரு காகிதம் அன்றைக்கே வந்தது அந்த ஒருமுறைதான். சந்தனம் மீட்கப்பட்ட நாள் முதல் அடுப்பு சத்தமின்றி எரிகிறது என்றும், எனவே மற்ற நிலையங்களிலும் இம்முறையைப் பின்பற்றலாம் என்றும் பிறகு மாத அறிக்கையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெள்ளியங்கிரி நிலையத்துக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் ஒரு துணிப்பையோடு நின்றான். சேலத்தில் ஏதாவது பட்டறையில் கேட்டுப் பார்க்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் மறுபடி நாஸில் கழுவ ஆள் எடுப்பார்களா என்பது தெரியவில்லை. ஆனால் முதல் பஸ்ஸை அவன் விட்டுவிட்டான்.

உள்ளே விளக்கு எரிந்தது. இரும்புக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இப்போது குமிழை அமுக்கியிருப்பாள் என்று எண்ணத் தொடங்கினான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாற்பது. ஐம்பது. எழுபது வரை எண்ணினான். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மாவுத் தொட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் அங்கம்மாள் குழாயடிக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் நிற்பது யார் என்று உற்றுப் பார்த்தாள். காவல்காரர் வாசலில் இருந்ததால் கூப்பிடவில்லை. ஈர விரலால் தன் புருவத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவிக் காட்டினாள். பிறகு சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போனாள்.

அடுத்த பஸ்ஸில் கூட்டமில்லை. சீட்டுக் கிழித்துக்கொடுத்த கண்டக்டர் அவன் முகத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

"ஏனுங்க, புருவத்தையே காணோம்?"

"சேலம் ஆபீசுல இருக்குதுங்க," என்றான் வெள்ளியங்கிரி.

"அட! எப்பத் திருப்பிக் குடுப்பாங்களாம்?"

"இன்னும் மேல் மாடிக்குப் போகலீங்களாம்."